மென்மையான தோட்டாவில் ஒளிந்திருந்த இரண்டு பிழைகள்: ஒரு .357 மேக்னம் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய துப்பாக்கி ரேஞ்சில் நடந்தது இது. அன்று சுடும் வரிசையைக் கண்காணிக்கும் பொறுப்பு என்னுடையது. சம்பந்தப்பட்டவர் அறுபதைத் தாண்டியவர், பட்டறையில் உலோகம் கடைந்து ஓய்வு பெற்றவர். ஆயிரத்தில் ஓர் அங்குலம் தவறினாலும் பொருளைத் தூக்கிப் போட்டுவிடும் பழக்கம் உள்ள மனிதர். அவ்வளவு கவனமான ஒருவர் கையிலேயே இது நடந்ததால்தான் எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவரிடம் இருந்தது ஆறு தோட்டா கொள்ளும் .357 மேக்னம் ரிவால்வர். கடையில் வாங்கும் முழு வலிமைத் தோட்டாவை அதில் போட்டால் கை உதறும், காது அடைக்கும். அவருக்கு மணிக்கட்டில் வாதம். கூடவே, துப்பாக்கியே பிடித்திராத மகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்க ஆசை. 2020-க்குப் பிறகு அங்கே தோட்டாவுக்கும், அதன் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்கும் பெரும் தட்டுப்பாடு வந்தது, விலையும் ஏறியது. ஆகவே, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்து, பயிற்சிக்கு ஏற்ற மென்மையான தோட்டாக்களைத் தானே அடைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா அடைக்க அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி தனி உரிமம் வேண்டியதில்லை. விற்பதாக இருந்தால்தான் வேண்டும். இந்தியாவில் நிலைமையே வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

இந்த ஆய்வில் எத்தனை கிரெய்ன் (தோட்டா உலகில் புழங்கும் சிறு எடை அலகு) வெடிமருந்து என்ற கணக்கு எங்கும் வராது. அதை மருந்துத் தயாரிப்பாளரின் அச்சிட்ட கையேட்டிலிருந்து எடுக்க வேண்டுமே தவிர, இன்னொருவர் எழுதியதிலிருந்து எடுக்கக் கூடாது. இங்கே தவறியது அவர் தேர்ந்தெடுத்த அளவும் இல்லை.

கூட்டுக்குள் இருக்கும் வெற்றிடம்

நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தத் தோட்டாவின் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். .357 மேக்னத்தின் தாய் .38 ஸ்பெஷல். அது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கருமருந்துக் காலத்தில் பிறந்தது. கருமருந்து இடத்தை அடைக்கும், அதனால் கூடும் நீளமாக இருந்தது. பிறகு வந்த புகையற்ற மருந்துக்கு அந்த இடத்தில் சிறு பங்கே போதும். ஆனால் கூட்டின் நீளத்தை யாரும் குறைக்கவில்லை. 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் .357 மேக்னத்தைக் கொண்டுவந்தபோது அந்தக் கூட்டை இன்னும் ஏறக்குறைய எட்டில் ஒரு அங்குலம் நீட்டினார்கள். கூடுதல் மருந்து வைக்க இடம் தேடி நீட்டவில்லை. வலுக்குறைந்த பழைய .38 ரிவால்வர்களுக்குள் இந்தப் புதுத் தோட்டா நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அமெரிக்கத் தொழில்தர அளவின்படி .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000.

இப்போது இந்த நீளக் கூட்டில், வேகமாக எரியும் மருந்தைக் குறைந்த அளவில் போட்டு மென்மையான தோட்டா செய்தால் கூட்டின் அடியில் கொஞ்சமாக மருந்து கிடக்கும். மேலே முழுக்கக் காலி. அதே கூட்டில் இரண்டு மடங்கு மருந்து விழுந்தாலும் வழியாது. மேலே ஈயக் குண்டு ஒழுங்காக உட்காரும். முழு வலிமைத் தோட்டாவுக்கு மெதுவாக எரியும் மருந்து போடுவார்கள். அது கூட்டைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும் என்பதால் இரண்டு மடங்கு விழுந்தால் மேசை முழுக்கக் கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, சுடும்போது சாதுவாக இருக்கும் தோட்டாதான் அடைக்கும்போது அதிகக் கண்காணிப்பைக் கேட்கிறது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். “லேசான லோடுதானே” என்ற பேச்சை ரேஞ்சில் நான் கேட்காத வாரம் இல்லை.

அப்படியானால் மெதுவாக எரியும் மருந்தையே குறைத்துப் போடலாமே என்று தோன்றலாம். கூடாது. எச்110 போன்ற மருந்தைக் கையேட்டில் உள்ள அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். குறைத்தால் அது சரியாகப் பற்றாமல், குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட வாய்ப்பு உண்டு.

எடுத்த முடிவுகள்

நம்மவர் முதலில் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை சரியானவை. 158 கிரெய்ன் ஈயக் குண்டு, வேகமாக எரியும் மருந்து, கையேட்டில் மேக்னம் கூட்டுக்கென்றே கொடுத்துள்ள தொடக்க அளவு. .38 ஸ்பெஷல் கூட்டையே பயன்படுத்தியிருக்கலாம். வேண்டாம் என்றதற்கு நியாயமான காரணம் வைத்திருந்தார். குட்டைக் கூட்டை .357 ரிவால்வரின் சிலிண்டரில் (தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையில்) வைத்துத் தொடர்ந்து சுட்டால், கூட்டின் வாய் முடியும் இடத்தில் ஈயமும் கரியும் வளையமாகப் படியும். பிறகு நீளக் கூடு உள்ளே போக அடம் பிடிக்கும். அந்த வளையத்தைச் சுரண்டி எடுத்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும்.

நான்காவது முடிவு பிரஸ், அதாவது தோட்டா அடைக்கும் கைப்பிடி இயந்திரம் பற்றியது. நான்கு நிலைகள் கொண்ட, கூடுகள் நிற்கும் வட்டத் தட்டு ஒன்றை நாமே கையால் திருப்பும் வகை பிரஸ் ஒன்றை வாங்கினார். முதல் நிலையில் கூட்டைச் சுருக்கிப் பிரைமர் பொருத்துவது. இரண்டாவதில் மருந்து விழுவது, கூடவே கூட்டின் வாய் சற்று விரிவது. மூன்றாவதில் குண்டை உட்கார வைப்பது. நான்காவதில் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் மடித்து இறுக்குவது. ஒருமுறை கைப்பிடியை இழுத்தால் நான்கு கூடுகளிலும் நான்கு வேலை நடக்கும். இழுத்து முடித்ததும் தட்டை ஒரு நிலை திருப்ப வேண்டும், அதை நாம்தான் செய்ய வேண்டும். மறந்தால் பிரஸ் ஒன்றும் சொல்லாது.

அடைக்கும் கலையைத் தொடங்குகிறவருக்கு இந்த வகை பிரஸ்ஸை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் சாதாரணப் பிரஸ் மெதுவானது. ஆனால் ஐம்பது கூடுகளையும் துளையிட்ட கட்டையில் நிறுத்தி மருந்து போட்ட பிறகு, அத்தனையையும் ஒரே பார்வையில் ஒப்பிட அதில்தான் வழி இருக்கிறது.

ரேஞ்சில் பார்த்தது

அந்தச் சனிக்கிழமை தந்தையும் மகளும் ஒரே மேசையில் இருந்தார்கள். 200 தோட்டா அடைத்துக் கொண்டுவந்திருந்தார். நாற்பது போலச் சுட்டாயிற்று, எல்லாம் நன்றாகவே போயின. மகள் நிதானமாக, ஒவ்வொரு குண்டுக்கும் மூச்சை இழுத்துவிட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார்.

ஏழு சுற்று முடிந்து எட்டாவது சுற்றின் மூன்றாவது தோட்டா. ‘பொட்’ என்று ஒரு சத்தம், கதவுத் தாழ் விழுந்த மாதிரி. குழல் வாய் மேலே எழவில்லை. அட்டையில் புதிய துளை இல்லை. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலிருந்து மெல்லிய புகை மட்டும் வந்தது. மகளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. புதியவர், காதடைப்பானும் போட்டிருந்தார். சத்தம் குறைந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவருடைய விரல் மறுபடி விசையை இழுக்கத் தொடங்கியது, சிலிண்டர் திரும்பவும் ஆரம்பித்தது. “சீஸ் ஃபயர்!” என்று கத்தினேன். விரலை எடுத்துவிட்டார்.

சிலிண்டர் திரும்பியது என்பதைக் கவனியுங்கள். மருந்தே இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்தாலும் அதன் வேகத்துக்குக் குண்டு கூட்டைவிட்டு வெளியேறிக் குழலுக்குள் போய்விடும். சில சமயம் பாதிக் குண்டு சிலிண்டரிலும் பாதி குழலிலுமாக மாட்டிக்கொள்ளும், சிலிண்டர் இறுகிவிடும். அது ஒரு விதத்தில் நல்லது, அடுத்த தோட்டாவைச் சுட முடியாது. இங்கே குண்டு முழுதாகக் குழலுக்குள் போய்விட்டது. துப்பாக்கி அடுத்த தோட்டாவைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருந்தது. அப்படிச் சுட்டால் பின்னால் வரும் குண்டு முன்னதில் மோதும், குழல் அந்த இடத்தில் வளையமாக வீங்கும், அல்லது பிளக்கும்.

உடனே செய்தவை

குழல் வாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருந்தோம். மருந்து தாமதமாகப் பற்றும் வாய்ப்பும் உண்டு என்பதால் இது எங்கள் ரேஞ்சின் நிலையான விதி. பிறகு சிலிண்டரைத் திறந்து ஆறு தோட்டாக்களையும் எடுத்தோம். அதற்கப்புறம்தான் சுத்தம் செய்யும் கம்பியைக் குழல் வாய் வழியாக விட்டுப் பார்த்தது. பாதிக்கு மேல் போய் நின்றுவிட்டது. கம்பியில் விரலால் அடையாளம் வைத்து வெளியே குழலோடு ஒட்டிப் பார்த்தால், குண்டு குழலின் பின்முனையிலிருந்து அங்குல அளவிலேயே நின்றிருந்தது தெரிந்தது.

அந்த மூன்றாவது கூட்டைத் தனியே எடுத்து வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டினேன். மருந்து இருந்து பற்றாமல் போயிருந்தால் எரியாத துகள்கள், பெரும்பாலும் மஞ்சளாகக் கருகி, கொட்டியிருக்கும். ஒரு துகள்கூட விழவில்லை. உட்சுவர் மற்ற கூடுகளைப் போலக் கறுக்காமல் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. மருந்தே போடப்படாத கூடு என்ற முடிவுக்கு அங்கேயே வந்தோம். காரணத்தை மேசையில் தேட வேண்டும், மருந்தின் தரத்திலோ பிரைமரிலோ தேட வேண்டியதில்லை என்பதை இந்த ஒரு தட்டல் தீர்த்துவைத்தது.

குண்டை அவர் வீட்டுப் பட்டறையில் எடுத்தார். குழலின் விட்டத்துக்குச் சற்றே குறைந்த பித்தளைக் கம்பி, சில சொட்டு ஊடுருவும் எண்ணெய், சிலிண்டர் திறந்த நிலை, குழல் வாயிலிருந்து பின்பக்கமாக அளவான சுத்தியல் தட்டு. மரக்குச்சி வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சாய்வாகப் பிளந்து குண்டோடு ஆப்பு மாதிரி இறுகிவிடும், அப்புறம் ஒரு தொல்லை இரண்டாகும். ஈயம் மென்மையானது, சில தட்டிலேயே வந்துவிட்டது. பிறகு இறுக்கமான துணித் துண்டு ஒன்றைக் கம்பியில் கோத்துக் குழல் முழுக்க மெதுவாகத் தள்ளினார். வீக்கம் இருந்தால் அந்த இடத்தில் துணி திடீரென்று தளரும். எங்கும் தளரவில்லை.

மீதித் தோட்டாக்கள்

இங்கேதான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. “நாற்பதுக்கு மேல் நன்றாகத்தானே சுட்டது, ஒன்று தப்பிவிட்டது, மீதியைக் கவனமாகச் சுட்டுத் தீர்த்துவிடலாம்” என்பது அவருடைய முதல் எண்ணம். ஒரு கூடு வெறுமையாகப் போனது என்றால் பிரஸ்ஸில் வரிசை எங்கோ குலைந்திருக்கிறது என்று அர்த்தம். குலைந்த வரிசை எந்தப் பக்கமும் தவறும் என்றேன். வெறும் கூடு இருந்தால், இரட்டை மருந்து விழுந்த கூடும் இருக்கலாம்.

சரி, எடை போட்டுப் பிரித்துவிடலாம் என்றார். அவருடைய தராசு நல்ல தராசு. ஆனால் முயற்சி பலிக்கவில்லை. ஒரு தோட்டாவில் உள்ள மருந்து சில கிரெய்ன்தான். ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம். பல கம்பெனிகளின் கூடுகளைக் கலந்து சேர்த்திருந்தார், அவற்றுக்குள்ளேயே சில கிரெய்ன் எடை வித்தியாசம். வார்ப்புக் குண்டிலும் வித்தியாசம். இரண்டும் சேர்ந்தபோது கனமான தோட்டா கனமான கூட்டாலா, கூடுதல் மருந்தாலா என்று பிரிக்க வழியில்லாமல் போயிற்று. ஒரே கம்பெனிக் கூடு, ஒரே அச்சுக் குண்டு என்றாலாவது ஒரு சந்தேகத்தை எழுப்ப எடை உதவும். தீர்ப்பு சொல்ல உதவாது.

எல்லாவற்றையும் பிரிப்பதென்று முடிவானது. சுத்தியல் வடிவில் இருக்கும் பிரிப்பான் ஒன்று உண்டு. தோட்டாவை அதன் தலையில் மாட்டிக் கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் பிரிந்து உள்ளே விழும். சலிப்பூட்டும் வேலை. ஒவ்வொன்றாகத் தட்டி, மருந்தைத் தட்டில் கொட்டி, எடை பார்த்து, எழுதிக்கொண்டு போனார்.

வெறும் கூடு வேறு எதுவும் இல்லை. ஆனால் ஒரு தோட்டாவிலிருந்து மற்றவற்றைப் போலச் சரியாக இரண்டு மடங்கு மருந்து கொட்டியது.

அன்று இரவே எனக்குப் போன் செய்தார். அதிகம் பேசவில்லை. வேகமாக எரியும் மருந்தில் அளவு இரண்டு மடங்கானால் அழுத்தம் இரண்டு மடங்கோடு நிற்காது, அதற்கும் மேலே தாவும். இது இரண்டுபேருக்கும் தெரிந்ததுதான். அந்தத் தோட்டா அவருடைய மகளின் கைக்குப் போகவிருந்த பெட்டியில் இருந்தது.

எப்படி நேர்ந்தது

அடைத்த மாலையை அவர் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்து, காலி பிரஸ்ஸில் செய்து காட்டினார். இரண்டு முறை பிரைமர் ஊட்டும் பகுதி சிக்கிக்கொண்டிருக்கிறது.

முதல் முறை, பிரைமர் சரியாக உட்காரவில்லை என்று கைப்பிடியை இன்னொரு தடவை இழுத்திருக்கிறார். முதல் நிலையைச் சரிசெய்வது மட்டுமே அவர் மனதில் இருந்தது. ஆனால் அதே இழுப்பில் இரண்டாம் நிலையில் நின்ற கூடும் மறுபடி மேலே போய் இன்னொரு பங்கு மருந்தை வாங்கிக்கொண்டது. அப்போது அவர் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாம் முறை சிக்கியபோது இந்த ஆபத்து நினைவுக்கு வந்துவிட்டது. பத்திரத்துக்காக இரண்டாம் நிலைக் கூட்டை வெளியே எடுத்து, மருந்தைக் கொட்டிவிட்டார். பிரைமரைச் சரிசெய்து, கூடுகளைத் திரும்பத் தட்டில் மாட்டும்போது அந்தக் கூட்டை இரண்டாம் நிலைக்குப் பதில் மூன்றாம் நிலையில் வைத்திருக்கிறார். அதன் வாய் ஏற்கனவே விரிந்திருந்தது, அதனால் குண்டு தயக்கமில்லாமல் உட்கார்ந்தது. மருந்தே காணாத கூடு என்றால் வாய் விரியாமல் குண்டு தடுமாறியிருக்கும், அப்போதே தெரிந்திருக்கும்.

மேசை விளக்கும் ஒரு காரணம். அது அவருடைய தலைக்குப் பின்னால் இருந்தது. குண்டை வைக்கும் முன் கூட்டுக்குள் பார்ப்பார்தான், ஆனால் அவருடைய நிழலே அதற்குள் விழுந்தது. அதே நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். மருந்து இருப்பதும் இல்லாததும் ஒரே இருட்டாகத்தான் தெரிந்தது.

பிறகு மாற்றியவை

பழைய வரிசையில் எஞ்சிய குண்டுகளையும் கூடுகளையும் மட்டும் வைத்துக்கொண்டார். மருந்தை மாற்றினார்: கையேட்டைப் புரட்டி, மென்மையான தோட்டாவுக்கு ஏற்றதாகவும், இடத்தை அதிகம் அடைப்பதாகவும் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இப்போது சரியான அளவே கூட்டில் பாதிக்கு மேல் நிற்கிறது, இரட்டை விழுந்தால் வழிந்துவிடும். என் கணக்கில் அவர் செய்த மாற்றங்களில் மிகப் பெரியது இதுதான். இதில் இன்னொரு லாபமும் உண்டு. முன்பு துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்து உயர்த்திச் சுட்டால் ஒரு வேகம், உயர்த்திப் பிடித்துத் தாழ்த்திச் சுட்டால் இன்னொரு வேகம் என்று வேகமானியில் தாவிக்கொண்டிருந்தது. காலி இடத்தில் மருந்து முன்னும் பின்னும் ஓடுவதால் வருவது அது. இப்போது அந்தத் தாவல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

பிரஸ்ஸை விற்கவில்லை. வளைகழுத்து எல்இடி விளக்கு ஒன்றை மூன்றாம் நிலைக்கு நேர் மேலே பொருத்தி, உட்கார்ந்த இடத்திலிருந்தே கூட்டின் அடி தெரியும்படி செய்தார். எது சிக்கினாலும், போன் அடித்தாலும், யாராவது கூப்பிட்டாலும், தட்டில் இருக்கும் நான்கு கூடுகளையும் எடுத்து ஒரு சிவப்புக் கிண்ணத்தில் போட்டுவிடுவார். திரும்பத் தட்டில் வைப்பதே இல்லை. மாலை முடிந்ததும் கிண்ணத்தில் உள்ளவற்றைத் தனியே பார்த்துக்கொள்வார். மருந்து அளவைக் கண்காணிக்க, பிரஸ்ஸின் ஒரு நிலையில் பொருத்தும் தனிக் கருவி (டை) விற்கிறார்கள், ஆனால் அதற்கு ஐந்தாவது நிலை வேண்டும். அவருடைய பிரஸ்ஸில் இடமில்லை. இருந்திருந்தாலும், கண்ணால் பார்ப்பதை அது ஈடு செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

மகளுக்கென்று அடைக்கும் தோட்டாக்களை மட்டும் பிரஸ்ஸில் முடிப்பதில்லை. கட்டையில் ஐம்பது கூடுகளை நிறுத்தி, மருந்து போட்டு, விளக்கடியில் வரிசை வரிசையாகப் பார்த்த பிறகே குண்டு வைக்கிறார். ஒன்றில் மட்டம் ஏறியோ இறங்கியோ இருந்தால் பக்கத்துக் கூட்டோடு ஒப்பிடும்போது பளிச்சென்று தெரிகிறது.

ரேஞ்சில் மாறியதும் மாற வேண்டியதும்

புதியவர்களுக்குக் கொடுக்கும் அறிமுகப் பேச்சில் முன்பு குழல் எங்கே பார்க்க வேண்டும், விரல் எங்கே இருக்க வேண்டும் என்பது மட்டுமே இருந்தது. இப்போது சத்தம் குறைந்தாலோ உதைப்பு குறைந்தாலோ விசையிலிருந்து விரலை எடுத்துக் கையை உயர்த்த வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறோம். சொல்லிக் காட்டுவதோடு விடாமல், அந்தப் ‘பொட்’ சத்தம் எப்படி இருக்கும் என்று மேசையைத் தட்டியும் காட்டுகிறோம். பித்தளைக் கம்பியும் சுத்தியலும் கண்காணிப்பாளர் மேசையிலேயே இருக்கின்றன.

வீட்டில் அடைத்த தோட்டாவை, அடைத்தவரைத் தவிர வேறு யார் சுடலாம் என்பதில் இன்னும் முடிவாகவில்லை. புதியவர் கையில் முதல் சில மாதங்களுக்குக் கம்பெனித் தோட்டா மட்டும்தான் என்று விதி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. .38 ஸ்பெஷலில் மென்மையான இலக்குத் தோட்டாக்கள் கடையிலேயே கிடைக்கின்றன. சிலிண்டரில் வளையம் படிந்தால் துலக்கிக்கொள்ளலாம். செலவு கூடும் என்று சிலர் எதிர்க்கிறார்கள். தட்டுப்பாட்டு நாட்களை நினைத்தால் அதையும் தள்ளிவிட முடியாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வைத்திருக்கிறோம். தந்தை அந்த விதிக்கு ஆதரவாகப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்.